“எனக்கெல்லாம் சுகர் வராது”: காலேஜ் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சர்வே எடுத்தோம். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எதிர்காலத்தில் உங்களுக்குச் சர்க்கரை நோய் வரும் என்று நினைக்கிறீர்களா?” ஆமாம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டம். அரை நாளில் கட்டுக்கட்டாகத் தாள் சேர்ந்துவிட்டது, எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் “இல்லை”. சரி, இதை வைத்து என்ன எழுதுவது? வீட்டில் யாருக்கும் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு “இல்லை” போட்டவன் உண்டு, பத்தொன்பது வயசில் என்ன சுகர் என்று போட்டவளும் உண்டு, பெல் அடிக்குமுன் சாயா குடிக்கப் போகணும் என்று கண்ணில் பட்ட கட்டத்தில் டிக் அடித்தவனும் உண்டு. மூன்று பேரும் தாளில் ஒரே ஆள் மாதிரி இருந்தார்கள். அத்தனை தாளையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இரண்டாவது சுற்றில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்எஸ்எஸ் முகாமுக்கோ, நர்சிங், சமூகப்பணி, உளவியல் புராஜெக்ட்டுக்கோ இந்தத் தலைப்பை எடுத்தவர்களுக்கு உதவும். யாரையும் கேட்காமல் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க நினைப்பவரும் 3, 5, 6 ஆகிய படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: எதை அளக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

“ஆபத்து உணர்வு” என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அது ஒரே சாமான் இல்லை. எனக்கு வருமா என்பது ஒன்று. என் வகுப்பில் மற்றவனோடு ஒப்பிட்டால் எனக்கு வர வாய்ப்பு கூடவா குறைவா என்பது வேறொன்று. அதைப் பற்றிக் கவலை உண்டா, வராமல் தடுப்பது என் கையில் இருக்கிறதா, எதனால் வருகிறது என்றாவது தெரியுமா, இவையெல்லாம் தனித்தனி. அமெரிக்காவில் எலிசபெத் வாக்கரும் கூட்டாளிகளும் 2003-ல் வெளியிட்ட வினாத்தாள் இந்தப் பகுதிகளைத் தனித்தனியாகத்தான் கேட்கிறது. அதில் “நம்பிக்கைச் சாய்வு” என்றே ஒரு பகுதி உண்டு, அதாவது கெட்டது மற்றவனுக்குத்தான், எனக்கு வராது என்கிற நினைப்பு.

அந்தச் சாய்வுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1980-ல் நீல் வைன்ஸ்டைன் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் வாழ்க்கையில் நடக்கக்கூடிய நல்லது கெட்டதுகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்து, கூடப் படிக்கிறவர்களை விட உனக்கு இது நடக்க வாய்ப்பு கூடவா குறைவா என்று கேட்டார். நல்லது எல்லாம் தனக்குக் கூடுதல், கெட்டது எல்லாம் தனக்குக் குறைவு என்றே சராசரியாகப் பதில் வந்தது. எல்லாருமே சராசரிக்கும் கீழே இருக்க முடியாதே! தனியாள் எவனும் தப்புச் சொன்னான் என்று நிரூபிக்க முடியாது, ஆனால் கூட்டமாகப் பார்த்தால் கணக்கு உதைக்கும். உங்கள் சர்வேயில் பிடிக்க வேண்டியது இதைத்தான், அதனால் ஒப்பீட்டுக் கேள்வி இல்லாமல் தாளை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

படி 2: எந்தச் சொல்லில் கேட்பது

எங்கள் ஊரில் இது பெரிய சங்கதி. தாளில் “நீரிழிவு” என்று அச்சடித்தால் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். “சர்க்கரை நோய்” புரியும், ஆனால் அது கால் எடுத்த தாத்தாவின் நோய். “சுகர்” என்றால்தான் வீட்டுப் பேச்சு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகளுக்கு “பிரமேகம்” என்று மலையாளத்தில் சொன்னால் உடனே பிடிபடும். அவர்களில் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கச் சொன்னால் திணறுவார்கள். மலையாளத்தில் தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்த்ததை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரச் சொல்லி, அர்த்தம் மாறியிருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

இன்னொரு வார்த்தை “பார்டர்”. “அம்மைக்கு சுகர் இல்ல, பார்டர்ல நிக்குது” என்பார்கள். எல்லையில் குடியிருக்கிற நமக்கு பார்டர் என்றால் செக்போஸ்ட், தினமும் இரண்டு தடவை தாண்டிப் போய்வருகிற இடம். அதனாலோ என்னவோ பார்டரில் நிற்பதை ஒருத்தரும் பெரிதாக எடுப்பதில்லை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நோயின் முன்நிலை. வெறும் வயிற்றில் 126 தொட்டாலோ, ஹெச்பிஏ1சி 6.5 ஆனாலோ நோய். உலக சுகாதார நிறுவனம் முன்நிலையை 110-லிருந்து கணக்கு வைக்கிறது, அது வேறு விஷயம். வீட்டில் யாராவது “பார்டர்” என்றால் அதைத் தனிக் கட்டத்தில் குறிக்கச் சொல்லுங்கள், “இல்லை”யில் சேர்த்துவிடாதீர்கள்.

படி 3: குடும்பக் கேள்வி

எங்கள் முதல் தாள் கவிழ்ந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். “பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா?” என்று கேட்டிருந்தோம். ஒரு பையன் “இல்லை” போட்டுவிட்டுத் தாளைக் கொடுத்தான். சும்மா பேச்சுக்கு, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

“கொத்தன் வேலை சார். இப்ப கொஞ்ச நாளா போகல்ல, காலுல ஒரு புண்ணு, ஆறமாட்டேங்குது.”

“சுகர் பார்த்தாங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். மாத்திரை மட்டும்தான் போடுறாரு.”

“என்ன மாத்திரை?”

“சோறு திங்கதுக்கு முன்ன ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

அவன் பொய் சொல்லவில்லை. அவன் வீட்டில் சுகர் என்றால் ஊசி போட்டுக்கொள்வது, மாத்திரையில் அடங்கினால் அது சுகர் கணக்கில் வராது. மறுநாள் மாத்திரைப் பட்டையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினான். மெட்ஃபார்மின், சுகருக்குக் கொடுக்கிற மாத்திரை.

அதற்குப் பிறகு நோயின் பெயரைச் சொல்லிக் கேட்பதையே விட்டுவிட்டோம். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், நாலு தாத்தா பாட்டி என்று சின்ன மரம் வரைந்து ஒவ்வொருவருக்கும் இப்படிக் கேளுங்கள்: தினமும் மாத்திரை போடுகிறவர் யார்? சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரையோ ஊசியோ யாருக்கு? காலில் புண் ஆறாமல் விரல் எடுத்தது யாருக்காவது உண்டா? “சீனி போடாத சாயா” என்று தனியாக யாருக்காவது போடுகிறார்களா? கர்ப்பமாக இருந்தபோது அம்மாவுக்குச் சுகர் கூடியது என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? தெரியாது என்றால் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்க ஐந்து நிமிஷம் கொடுங்கள். அந்த ஐந்து நிமிஷப் போன் பேச்சில் கிடைப்பது எந்த வினாத்தாளிலும் கிடைக்காது.

படி 4: கேள்விகளை அடுக்கும் வரிசை

குடும்பக் கேள்வியை முதலில் வைத்தால் பிள்ளை பயந்துபோய் அடுத்த கேள்விக்குப் பதிலை மாற்றிவிடும். அதனால் தாளில் ஆபத்து உணர்வு முதலில், மரமும் அளவும் பிறகு. முதல் தாளை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாவது தாளைக் கொடுப்பது இன்னும் நல்லது, இல்லாவிட்டால் திரும்பிப் போய் அடித்துத் திருத்துவார்கள்.

நாங்கள் கடைசியில் வைத்துக்கொண்ட கேள்விகள் ஏறக்குறைய இப்படி:

“உங்கள் வகுப்பில் நூறு பேர் என்று வையுங்கள். ஐம்பது வயது ஆகும்போது அதில் எத்தனை பேருக்குச் சுகர் இருக்கும்?” எண் எழுத வேண்டும்.

“அப்படிச் சுகர் வருகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்க வாய்ப்பு எவ்வளவு? மற்றவர்களை விடக் குறைவு, அதே அளவு, கூடுதல்.”

“35 வயதில்? 50 வயதில்?” இரண்டுக்கும் தனித்தனியாக.

“ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?” இதற்கு ரெண்டு வரி இடம் விடுங்கள், கட்டம் போடாதீர்கள். “நான் ஒல்லி”, “சீனி போட மாட்டேன்”, “பந்து விளையாடுவேன்”, “எங்க பரம்பரையில இல்ல” என்று வருகிற அந்த வரிகள்தான் சர்வேயின் சாரம்.

வயதைக் குறிப்பிடாமல் கேட்கவே கூடாது என்பது என் கட்சி. “சுகர் வருமா” என்று மொட்டையாகக் கேட்டால் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் காதில் அது “இப்போ வருமா” என்றுதான் விழுகிறது. இப்போ வராது என்ற அவர்கள் பதில் பெரும்பாலும் சரியானதும்கூட. தப்பு நம் கேள்வியில்.

படி 5: உண்மை நிலையை அளப்பது

நினைப்பு எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று பார்க்க ஒரு உரைகல் வேண்டும். நம் நாட்டுக்கென்றே சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு 2005-ல் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் இருக்கிறது, ரத்தம் எடுக்க வேண்டாம், ஒரு டேப் போதும். நாலு தலைப்பு, மொத்தம் 100. வயது 35-க்குக் கீழே 0, 35 முதல் 49 வரை 20, 50 அல்லது அதற்கு மேல் 30. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. இடுப்புச் சுற்று பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90 தொட்டால் 10. பெண்ணுக்கு 90, ஆணுக்கு 100 தொட்டால் 20. உடற்பயிற்சியும் இல்லை, வேலையும் உட்கார்ந்தபடி என்றால் 30. கூட்டி 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம், 30 முதல் 50 வரை நடுத்தரம், 30-க்குக் கீழே குறைவு.

இடுப்புச் சுற்றைக் கேட்டு எழுதாதீர்கள், அளந்து எழுதுங்கள். ஒருத்தன் ஜீன்ஸ் லேபிளைப் பார்த்து 32 என்று எழுதினான், அதாவது 81 சென்டிமீட்டர். அவன் ஜீன்ஸ் வயிற்றுக்குக் கீழே நின்றது. டேப்பை வைத்தால் 93. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும். எல்லாரும் வயிற்றை எக்குவார்கள், ரெண்டு தடவை பேச்சுக் கொடுத்துவிட்டு மூன்றாம் தடவை அளவு எடுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை, அளப்பதும் பெண்ணாக இருக்கட்டும். எண்ணைச் சத்தம் போட்டுச் சொல்லி எழுதச் சொல்லவே கூடாது.

உழைப்புக் கேள்வியில் எங்களுக்கு விழுந்த அடி வேறு மாதிரி. “உடற்பயிற்சி செய்வீர்களா?” என்றால் “இல்லை” என்று எழுதிய பையன் ஒருத்தன், விடியற்காலை எழுந்து அப்பாவோடு ரப்பர் வெட்டப் போகிறவன். மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி மரம் மரமாகச் சிரட்டை மாற்றிவிட்டு, குளித்து, பஸ் பிடித்து வருகிறான். ஜிம்முக்குப் போகாததால் அவன் கணக்கில் அது உடற்பயிற்சி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் பந்து உதைத்துவிட்டுக் குழிமந்தி சாப்பிடப் போகிறவனோ “ஆமாம், ஸ்போர்ட்ஸ்மேன்” என்று எழுதியிருந்தான். நேற்று காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்தாய் என்று மணிவாரியாகக் கேளுங்கள்.

“நான் ஒல்லி” என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஆட்களின் உடல்வாகு ஏமாற்றும். 2004-ல் டாக்டர் யாஜ்னிக்கும் யுட்கினும் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்பு மட்டும் இங்கிலாந்துக்காரருக்கு 9.1 சதவீதம், நம் புனே டாக்டருக்கு 21.2. எடைக்கல் சொல்லாததை டேப் சொல்லும்.

படி 6: வயதை ஏற்றிக் காட்டுங்கள்

இந்த மதிப்பெண்ணில் மாணவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. வயதுக்கு எல்லாருக்கும் 0, அதனால் மற்ற எல்லாம் மோசமாக இருந்தாலும் 70-க்கு மேல் போகாது. அப்பா, அம்மா இருவருக்கும் சுகர் இருக்கிற பையன் சுறுசுறுப்பாக, ஒல்லியாக இருந்தால் 20-தான், “குறைவு”. பார்த்ததும் சந்தோஷப்பட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவான்.

அதனால் ஒரே தாளில் இரண்டு கூட்டல் போடச் சொல்லுங்கள், இன்றைக்கு ஒன்று, 35 வயதில் ஒன்று. அப்பாவுக்கு இருக்கிறது 10, நாள் முழுக்க உட்கார்ந்தே 30, இன்றைக்கு 40. வேறு எதையும் மாற்றாமல் வயதை மட்டும் ஏற்றினால் 60. அதே வயிறு, அதே அப்பா, அதே நாற்காலி. கோடு தாண்டிவிட்டது. எங்கள் வகுப்பறையில் சத்தம் அடங்கியது இந்த இடத்தில்தான், அதுவரை நான் பேசிய எதற்கும் அடங்கவில்லை.

இது ஜாதகம் இல்லை என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள், யாரைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று சலித்தெடுக்க வந்த சல்லடை. வயிற்றளவும் உழைப்பும் மாறினால் 35 வயதுக் கூட்டலும் மாறும், அதையும் அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

படி 7: மாநில எண்களைக் கவனமாகக் கையாளுங்கள்

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) - இண்டியாப் ஆய்வின்படி 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுகர் இருப்பவர்கள் கேரளத்தில் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், நாடு முழுக்க 11.4. இதைப் போர்டில் எழுதியதும் எங்கள் வகுப்பில் கைதட்டல். “சேட்டா, உங்க பக்கம்தான் கூடுதல்” என்று ஒரு பெஞ்ச் மற்ற பெஞ்சைக் கிண்டல் செய்தது. இந்தக் கன்னியாகுமரி மாவட்டமே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. மரச்சீனியும் மீன்கறியும் சோறும் பரோட்டாவும் செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாநில சராசரி உங்கள் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்காது. 2020-ல் வெளியான இன்னொரு கணக்கு, இந்தியப் பெருநகரங்களில் 20 வயதில் நோயில்லாமல் இருக்கிற ஆணுக்கு வாழ்நாளில் அது வர 55.5 சதவீத வாய்ப்பு, பெண்ணுக்கு 64.6 என்கிறது. பெருநகரம் என்ற வார்த்தையை விட்டுவிட்டு இதைச் சொல்லாதீர்கள். இந்த எண்களையெல்லாம் பிள்ளைகள் தாளைக் கொடுத்த பிறகே காட்டுங்கள், முன்னால் காட்டினால் சர்வே கெட்டது.

படி 8: அனுமதி, ரத்தம், ரகசியம்

கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். ஒப்புதல் தாள் எல்லாருக்கும் வேண்டும். முதலாண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். பரீட்சைக்கு மதிப்பெண் போடுகிற ஆசிரியரே தாள் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வேண்டாம் என்று மறுக்க யாருக்கும் துணிச்சல் வராது.

குளுக்கோமீட்டரைக் கொண்டுவந்து கேன்டீன் வாசலில் விரல் குத்துகிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பழம்பொரி தின்றுவிட்டு வந்தவனின் எண்ணுக்கு அர்த்தம் சொல்ல முடியாது, அந்தக் கருவியை வைத்து நோய் என்று முடிவு கட்டவும் முடியாது. நல்ல மீட்டரிலேயே 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். ஒரு பெண் பிள்ளை என்னிடம் தனியாக வந்து, “சார், கூடுதல்னு வந்தா வீட்டுக்குச் சொல்லுவியளா? மாப்பிள பாக்காங்க” என்றாள். சுகர் பயத்தை விட அந்தப் பயம் பெரிது, தாளில் அதற்குக் கட்டமே இல்லை. மதிப்பெண் கூடுதலாக வந்தவர்களையும், கழுத்துப் பின்பக்கம் தோல் கறுத்துத் தடித்திருப்பவர்களையும், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிற பெண்களையும் அரசு ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் முறையாகப் பார்க்கச் சொல்லித் தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள். தாகம், அடிக்கடி சிறுநீர், திடீரென எடை குறைவது என்று யாராவது சொன்னால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அனுப்புங்கள். இந்த வயதில் அது முதல் வகைச் சுகராகவும் (டைப் 1) இருக்கலாம், அதற்கு இந்த மதிப்பெண் எல்லாம் பொருந்தாது.

படி 9: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஒரு பக்கம் பிள்ளை சொன்னது, மறுபக்கம் மதிப்பெண். நாலு கட்டம் வரும். குறைவு என்று சொல்லி 30-ஓ அதற்கு மேலோ வாங்கியவர்கள்தான் எல்லாரும் தேடுகிற கட்டம், அங்கே “ஏன்” என்ற வரிகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். அதற்கு எதிர்க் கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். அளவெல்லாம் நன்றாக இருந்தும் “கண்டிப்பாக வரும்” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாரோ ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்கள். “எப்படியும் வரத்தானே போகுது, இப்ப தின்னாதான் உண்டு” என்பதும் இதே கட்டத்திலிருந்துதான் வருகிறது. பயம் கூடிவிட்டால் எல்லாரும் ஓடத் தொடங்குவார்கள் என்பது தப்பு, சிலர் உட்கார்ந்துவிடுவார்கள்.

அவர்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட இந்திய ஆய்வில், முன்நிலையில் இருந்தவர்கள் நடை, சாப்பாட்டு மாற்றத்தால் நோய்க்குப் போவது 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் எடை பெரிதாகக் குறையவில்லை. அமெரிக்க ஆய்வில், 2002-ல், இது 58 சதவீதம். “பார்டர்ல நிக்கிற” அம்மைக்கும் இதைப் போய்ச் சொல்லலாம்.

படி 10: திரும்பப் போங்கள்

மூன்று வாரம் கழித்து ஒப்பீட்டுக் கேள்வியையும், 35 வயதுக் கேள்வியையும் மட்டும் அதே எண்ணுள்ள தாளில் மறுபடி கேளுங்கள். வகுப்பறையில் சூடாக இருந்தது வெளியே எவ்வளவு நாள் நிற்கிறது என்று அப்போது தெரியும். பரீட்சை வாரத்தைத் தவிருங்கள். ஹால் எல்லாம் எடுக்க வேண்டாம், கேன்டீன் வாசலே போதும், நாலு மணிக்குப் பழம்பொரி தீருவதற்குள் போய்விடுங்கள்.